சரிவுக் காலத்தில் நாட்டைவிட்டுச் செல்வதா: முடிவை எடைபோடும் முறை

ஒரு நாட்டின் பொருளாதாரம் சரியத் தொடங்கிவிட்டால், அங்குள்ள வீடுகளில் இரவு உணவுக்குப் பின் நடக்கும் பேச்சு மெல்ல ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: இங்கேயே இருந்து சமாளிப்பதா, வெளிநாட்டுக்குப் போய்விடுவதா? சம்பளத் தொகை மாறாமலிருக்க, அது வாங்கித் தரும் பொருள் மாதந்தோறும் குறைகிறது. நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்துகின்றன. உடன் படித்தவர்களும் உடன் வேலை பார்த்தவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். இத்தகைய நாட்களில் எடுக்கப்படும் முடிவில் கணக்கைவிடப் பதற்றத்தின் பங்கே பெரிதாக இருந்துவிடுகிறது. இந்தக் கேள்வியைப் பொருளியல் எப்படிக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதை, இதை முதன்முறையாக யோசிப்பவருக்குப் புரியும்படி விளக்க முயல்கிறேன். உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர்களும், உயிர்காக்கும் மருந்தே கிடைக்காத நிலையில் இருப்பவர்களும் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். அவர்கள் போக முடிந்தால் போவதே சரி.

முதலில் கவனிக்க வேண்டியது கால அளவு. பொருளாதார மந்தநிலை என்பதை, மொத்த உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்குவது என்று பொதுவாக வரையறுப்பார்கள். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மந்தநிலைகள் சராசரியாக 10 மாதங்களே நீடித்துள்ளன. கிரேக்கத்தைப் போன்ற மோசமான எடுத்துக்காட்டுகளில் அது ஐந்தாறு ஆண்டுகள் வரை இழுத்தது. புலம்பெயர்வின் கால அளவோ வேறு. மொழி பழகி, தகுதிச் சான்றுகளுக்கு அங்கீகாரம் பெற்று, நிலையான வேலையில் அமர்ந்து, வசிப்புரிமை வாங்குவதற்கே பலருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் அங்கே பள்ளியில் சேர்ந்துவிட்டால் அது இருபது, முப்பது ஆண்டுகளுக்கான ஏற்பாடாக மாறிவிடுகிறது. ஆகவே, சில ஆண்டுகள் நீடிக்கும் ஒரு நிலைமையை மட்டுமே காரணமாகக் கொண்டு சில பத்தாண்டுகளை நிர்ணயிக்கும் முடிவை எடுக்கிறோமா என்று கேட்டுக்கொள்வது அவசியமாகிறது. என் பார்வையில், வீட்டில் நிலவும் சரிவு 'எப்போது போவது, எப்படிப் போவது' என்ற கேள்விகளுக்கு விடை தரலாம். 'போவதா, வேண்டாமா' என்பதற்கான விடை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தை அடைய, சரிவு எவ்வகையானது என்று பார்க்க வேண்டும். வங்கிகளின் தவறாலோ, கடன் நெருக்கடியாலோ, உலகச் சந்தையின் அதிர்ச்சியாலோ ஏற்படும் சரிவில், தொழில்கள் முடங்கிக் கிடந்தாலும் அவற்றை நடத்தும் ஆட்களும் கருவிகளும் அறிவும் அப்படியே இருக்கின்றன. பணப்புழக்கம் திரும்பியதும் அவை எழுந்துகொள்கின்றன. இதைச் சுழற்சிச் சரிவு என்பார்கள். ஒரு நாட்டின் பிழைப்பு எதை நம்பியிருந்ததோ அதுவே போய்விட்டால், அது கட்டமைப்புச் சரிவு. அயர்லாந்தை முதல் வகைக்கு ஏறத்தாழப் பொருத்தமான எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 2007-இல் 5 விழுக்காட்டுக்குள் இருந்த வேலையின்மை, 2008-இன் வங்கி நெருக்கடிக்குப் பின் ஏறிக்கொண்டே போய் 2012-இல் 15 விழுக்காட்டைத் தொட்டது. இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் கூட்டமாகப் போனார்கள். 2019-இல் வேலையின்மை மீண்டும் 5 விழுக்காட்டளவுக்கு இறங்கியிருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில், வெளியேறும் ஐரிஷ் குடிமக்களும் திரும்பி வருபவர்களும் எண்ணிக்கையில் ஏறத்தாழ சமமாகிவிட்டார்கள். கிரேக்கத்தின் கதை வேறு. 2008-க்கும் 2013-க்கும் இடையில் அதன் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கரைந்தது. 2013-இல் வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியது. 2023 வரையிலும் அந்நாட்டு உற்பத்தி 2007-ஆம் ஆண்டின் அளவை எட்டவில்லை. சில ஆண்டுகள் பொறுத்தால் போதும் என்று ஓர் ஐரிஷ் பொறியாளரும் ஒரு கிரேக்கப் பொறியாளரும் ஒரே நாளில் முடிவெடுத்திருந்தால், ஒருவருடைய பொறுமை பலித்திருக்கும். மற்றவருடையது அவருடைய இருபதுகளை விழுங்கியிருக்கும்.

நாட்டைப் பற்றிய இந்த மதிப்பீட்டைவிட முக்கியமானது, உங்கள் தொழிலைப் பற்றிய மதிப்பீடு. நாடு முழுவதும் 15 விழுக்காடு வேலையின்மை என்பது ஒரு சராசரி. கட்டுமானத்தில் அது 40 ஆகவும் மருத்துவத்தில் 3 ஆகவும் இருந்துகொண்டு அந்தச் சராசரியை உருவாக்கலாம். சரிவுக்கு முன்பே உங்கள் துறையில் வாய்ப்புகள் குறைந்துகொண்டிருந்தனவா, அல்லது சரிவோடுதான் அவை நின்றனவா என்பதைப் பழைய வேலை விளம்பரங்களையும் துறையில் மூத்தவர்களையும் கொண்டு அறிய முடியும். முன்பே தேய்ந்துகொண்டிருந்த துறை மீட்சிக்குப் பிறகும் முழுதாகத் திரும்புவது அரிது. பணவீக்கம் தணிவதையும் மீட்சியாக எண்ணிவிடக் கூடாது. இலங்கையில் 2022 செப்டம்பரில் ஏறத்தாழ 70 விழுக்காடாக இருந்த பணவீக்கம், 2023 ஜூலையில் 6 விழுக்காட்டளவுக்கு வந்தது. ஆனால் ஏறிய விலைகள் இறங்கிவிட்டன என்று அதற்குப் பொருளில்லை; அவை மேலும் ஏறும் வேகம்தான் குறைந்தது. சம்பளங்கள் அந்த விலைகளை எட்டிப் பிடித்தனவா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய கேள்வி.

இனி, கணக்குக்கு வருவோம். 1962-இல் லாரி ஸ்யாஸ்டாட் என்ற பொருளியலாளர், புலம்பெயர்வை ஒரு முதலீடாகப் பார்க்கலாம் என்று எடுத்துக்காட்டினார். இன்று பணமும் உழைப்பும் மனவேதனையும் செலவாகின்றன. அதன் பலன் பல ஆண்டுகளாகப் பரவி வருகிறது. பலனிலிருந்து செலவைக் கழித்து மிஞ்சுவது எவ்வளவு என்பதே கேள்வி. சொந்தபந்தங்களையும் பழகிய சூழலையும் விட்டுப் பிரிவதன் வலியையும் அவர் செலவுப் பக்கத்திலேயே சேர்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1970-இல் ஜான் ஹாரிஸும் மைக்கேல் டொடாரோவும், கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போவோரை ஆராய்ந்து, இன்னொரு கூறைச் சேர்த்தார்கள்: அங்கே கிடைக்கும் சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்த வேலை கிடைப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதால் அதைப் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இதை ஒரு கற்பனைக் கணக்கில் காண்போம். உள்நாட்டில் உங்கள் மாதச் சம்பளம் 100 என்றும் வாழ்க்கைச் செலவு 70 என்றும் வையுங்கள். சரிவின் காரணமாக அந்த வேலை பறிபோக ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே எதிர்பார்க்கத்தக்க வருமானம் 80, மிச்சம் 10. வெளிநாட்டில் உங்கள் தொழிலிலேயே வேலை கிடைத்தால் 400. கிடைக்காமல் கைக்கு வந்த வேலையைச் செய்தால் 200. இரண்டுக்கும் வாய்ப்பு பாதிப் பாதி என்றால், எதிர்பார்ப்பு 300. அங்கே வாழ்க்கைச் செலவு 230. மிச்சம் 70. வித்தியாசம் மாதத்துக்கு 60. பயணம், விசா, தேர்வுகள், முதல் மாதங்களுக்கான வாடகை எல்லாம் சேர்ந்து 1,200 ஆகுமென்றால், 20 மாதங்களில் போட்ட பணம் திரும்பிவிடும். தாளில் இது நல்ல முதலீடாகவே தோன்றுகிறது.

ஆனால் 70 என்ற அந்தச் சராசரியை யாரும் வாழ்வதில்லை. நல்ல பாதியில் விழுந்தவருக்கு மாதம் 170 மிஞ்சுகிறது; மற்றப் பாதியில் விழுந்தவருக்கு மாதம் 30 துண்டு விழுகிறது. இந்தக் கட்டுரையில் வாசகர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், இந்தத் துண்டு விழும் பாதையையே நினைவில் வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்வேன். ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டுகளோ அப்படித் துண்டு விழுந்தாலும் தாங்கக்கூடிய சேமிப்போ, கைகொடுக்கும் உறவோ இருப்பவர் சராசரியைப் பார்த்து முடிவெடுக்கலாம். அது இல்லாதவருக்குச் சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. அவர் முதலில் செய்ய வேண்டியது, கெட்ட பாதியின் வாய்ப்பைக் குறைப்பது. வேலை வாய்ப்புக் கடிதம் கையில் வந்தபின் கிளம்புவது, தொழில் உரிமத் தேர்வுகளை இங்கிருந்தே எழுதி முடிப்பது, மொழித் தேர்வில் தேவையான மதிப்பெண்ணை முன்பே பெறுவது ஆகிய ஒவ்வொன்றும் பாதியாக இருக்கும் நல்ல வேலைக்கான வாய்ப்பை முக்கால் பங்காக உயர்த்தக் கூடியவை. மருத்துவம், செவிலியப் பணி, ஆசிரியப் பணி, சட்டம் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். பட்டம் அங்கீகரிக்கப்படாததால் வேறு வேலையில் இறங்கியவர்கள், தற்காலிகம் என்று தொடங்கியதிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவது பல நாடுகளிலும் காணப்படுவதே.

சரிவுக் காலத்துக்கே உரிய சிக்கல், நாணய மதிப்பு. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது, மே மாதத்தில் 360-ஐ எட்டியது. மேலே போட்ட கணக்கில் உள்நாட்டு நாணயம் பாதி மதிப்பை இழந்தால் என்ன ஆகும்? வெளிநாட்டில் மிஞ்சும் 70, உள்நாட்டு நாணயத்தில் 140 ஆகிறது. கிளம்புவதற்கான 1,200 செலவும் 2,400 ஆகிறது. மாத வித்தியாசம் 130. ஆகவே 18 மாதங்களைச் சற்றுக் கடந்ததும் பணம் திரும்பிவிடும். முதலீட்டின் தன்மை பெரிதாக மாறவில்லை. மாறியது வேறொன்று: 1,200 சேமித்து வைத்திருந்தவர் முன்பு தன் சொந்தப் பணத்தில் போயிருப்பார், இப்போது மறுபாதியைக் கடன் வாங்க வேண்டும். நெருக்கடிக் காலத்தில் கடனுக்கான வட்டியும் ஏறியிருக்கும். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி விகிதங்களை, அதாவது மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையாக அமையும் விகிதங்களை, ஒரே முறையில் 7 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்தியது. போவதன் பயன் கூடும் அதே நாளில் போவதற்கான சக்தி குறைகிறது. முன்பே சேமிப்பில் ஒரு பகுதியை வெளிநாட்டு நாணயமாக, சட்டம் அனுமதிக்கும் வழியில், வைத்திருந்தவர்களுக்கும், வெளிநாட்டு உறவினர்கள் உள்ளவர்களுக்கும் மட்டுமே கதவு அகலமாகத் திறக்கிறது.

கடன் வாங்கிப் போவோரிடம் ஆட்சேர்ப்பு முகவர்கள் கேட்கும் தொகை தனியாகக் குறிப்பிடப்பட வேண்டியது. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை, தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஏற்ற நாடுகளிலும் மீறல்கள் நடக்கின்றன. ஆயினும், வேலை தருபவர் செலுத்த வேண்டிய கட்டணத்தை உங்களிடம் கேட்பவரையும், சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரையும், ஒப்பந்தத்தை விமான நிலையத்தில் தருவதாகச் சொல்பவரையும் விட்டு விலகிவிடுங்கள். மக்கள் அவசரத்தில் இருக்கும் காலமே இத்தகையவர்களுக்கு அறுவடைக் காலம்.

போகும் நாட்டிலும் சரிவு வரலாம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. 2001 டிசம்பரில் அர்ஜென்டினா, வங்கிகளிலிருந்து மக்கள் பணம் எடுப்பதைக் கட்டுப்படுத்தியது. 1991 முதல் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று கட்டிவைக்கப்பட்டிருந்த நாணயம், 2002 ஜனவரியில் அந்தக் கட்டிலிருந்து விடுபட்டுச் சரிந்தது. ஏராளமானோர் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் கிளம்பினார்கள். அன்றைக்கு அது அறிவுள்ள தேர்வாகவே தோன்றியது; ஸ்பெயினில் கட்டுமானத் தொழில் கொழித்துக்கொண்டிருந்தது. ஆனால் 2003 முதல் 2007 வரை அர்ஜென்டினாவின் பொருளாதாரம் ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. 2008-இல் தொடங்கிய நெருக்கடியில் ஸ்பெயினின் வேலையின்மை ஏறி, 2013-இல் 26 விழுக்காட்டை எட்டியது. 2008-லேயே ஸ்பெயின் அரசு, வேலையிழந்த வெளிநாட்டவர்கள் தாயகம் திரும்பினால் அவர்களுக்குரிய வேலையின்மை உதவித்தொகையை மொத்தமாகத் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகளுக்குத் திரும்பி வரக்கூடாது என்பது நிபந்தனை. 2009-இல் ஜப்பான், வேலையிழந்த ஜப்பானிய வம்சாவளி பிரேசில் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 3 இலட்சம் யென் கொடுத்து அனுப்பிவைத்தது. வந்தேறியவர்கள் பெரும்பாலும் புதியவர்கள், தற்காலிக ஒப்பந்தக்காரர்கள். ஆட்குறைப்பு என்று வந்தால் முதல் வரிசையில் நிற்பவர்கள் அவர்களே. அதனால், போகும் நாட்டில் உங்கள் துறை எந்த நிலையில் இருக்கிறது, வேலை போனால் விசாவும் போய்விடுமா, வேறு வேலை தேட எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்பவற்றைச் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டும். தொடக்கம் மோசமானால் அதன் தழும்பு நீண்ட நாள் இருக்கும். ஸ்வீடனில் அகதிகளைப் பற்றி நடந்த ஓர் ஆய்வு, வந்து இறங்கிய காலத்தில் வேலையின்மை அதிகமாக இருந்திருந்தால் அதன் பாதிப்பு அவர்களுடைய வருமானத்தில் குறைந்தது பத்து ஆண்டுகள் தெரிந்ததாகக் காட்டியது.

அதே தழும்பு, உள்நாட்டிலேயே இருந்துவிடும் இளைஞர்களுக்கும் உண்டு. கனடாவில் பட்டதாரிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வின்படி, மந்தநிலையில் பட்டம் பெற்று வேலைக்கு வந்தவர்களின் வருமானம் தொடக்கத்தில் சுமார் 9 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்தக் குறை மறைய ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆயின. ஆகவே, காத்திருப்பதற்கும் விலை உண்டு, அந்த விலை வயதுக்கு வயது மாறுகிறது. இருபத்து மூன்று வயதில் தொழில் கற்கும் ஆண்டுகளை வெறுமையாகக் கழிப்பது பெரிய இழப்பு. விசா விதிகளும் இளமையின் பக்கமே சாய்கின்றன: கனடாவின் தரவரிசைப் புள்ளி முறையில் 20 முதல் 29 வயது வரை வயதுக்கான முழுப் புள்ளிகள் கிடைக்கின்றன, 45 வயதில் அது பூச்சியமாகிறது, ஆஸ்திரேலியாவின் புள்ளி முறை விசாக்களுக்கு அழைப்புப் பெறும்போது 45 வயதுக்குட்பட்டிருக்க வேண்டும். விதிகள் திடீரென்று மாறுவதும் உண்டு. பிரிட்டன் 2024 ஏப்ரலில் திறன்சார் தொழிலாளர் விசாவுக்கான பொதுக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஆண்டுக்கு 26,200 பவுண்டிலிருந்து 38,700 பவுண்டுக்கு உயர்த்தியபோது, அதுவரை தகுதியுடன் காத்திருந்த பலருடைய திட்டம் ஒரே நாளில் கலைந்தது.

காத்திருப்பது வேறு, சும்மா இருப்பது வேறு. நாற்பது வயதில், நிலையான வேலையும் பள்ளி இறுதியை நெருங்கும் பிள்ளைகளும் உள்ள ஒருவர் ஓர் ஆண்டு பொறுத்துப் பார்ப்பதில் நிதானம் இருக்கிறது. அந்த ஓர் ஆண்டில் கடவுச்சீட்டு புதுப்பிக்கப்பட்டு, சான்றிதழ்கள் மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டு, மொழித் தேர்வு எழுதப்பட்டு, அங்கே தன் தொழிலில் இருக்கும் இரண்டு மூன்று பேரோடு நேர்மையான உரையாடல் நடந்திருந்தால், அவர் முடிவைத் தள்ளிப்போட்டார் என்று சொல்ல முடியாது. முடிவெடுக்கும் உரிமையைச் சிறு தொகைக்கு வாங்கி வைத்திருக்கிறார். நிலைமை மேலும் கெட்டால் உடனே கிளம்பலாம். சீரானால் செலவழித்தது கொஞ்சமே.

பெரும்பாலான வீடுகளில் இது ஒரு தனி மனிதரின் முடிவாக இருப்பதில்லை. 1985-இல் ஓடெட் ஸ்டார்க், டேவிட் புளூம் என்ற இரு பொருளியலாளர்கள், புலம்பெயர்வைக் குடும்பம் எடுக்கும் முடிவாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார்கள். எல்லோருடைய வருமானமும் ஒரே நாட்டின் பொருளாதாரத்தை நம்பியிருந்தால், அது சரியும்போது எல்லோரும் சேர்ந்தே விழுகிறார்கள். ஒருவர் வேறு நாட்டில் இருந்தால் அவருடைய வருமானம் குடும்பத்துக்குக் காப்பீடு போல நிற்கிறது. நாணயம் சரியும்போது அவர் அனுப்பும் தொகை உள்நாட்டில் பெருகுவது அந்தக் காப்பீட்டை வலுவாக்குகிறது. இந்த விளக்கம் சரியானதே. ஆனாலும் இதில் காப்பீட்டுக் கட்டணத்தைச் செலுத்துபவர் யார் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. அனுப்பும் பணத்தை நம்பி வீட்டில் செலவுகள் கூடிவிட்டால், அங்கே இருப்பவர் நோயுற்றாலும் வேலை பிடிக்காவிட்டாலும் திரும்ப முடியாதவராகிறார். எவ்வளவு அனுப்புவது, எத்தனை ஆண்டுகள், வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது, துணையும் குழந்தைகளும் எப்போது சேர்ந்துகொள்வது என்பவற்றைக் கிளம்புவதற்கு முன்பே, கிளம்புபவரும் இருப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசிவிடுவது இருவருக்கும் செய்யும் நியாயம்.

திரும்பி வருவதைத் தோல்வியாக எண்ணும் பழக்கமும் முடிவைக் கெடுக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டையும் காலத்தையும் பொறுத்து, வந்த வெளிநாட்டவர்களில் 20 முதல் 50 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குள் அந்த நாட்டைவிட்டுப் போய்விடுகிறார்கள். சிலர் தாயகத்துக்கு, சிலர் மூன்றாவது நாட்டுக்கு. போர்ச்சுகல் 2019-இல், வெளியே போன தன் மக்கள் திரும்பினால் ஐந்து ஆண்டுகளுக்கு வருமானத்தில் பாதிக்கு வரிவிலக்கு என்று அறிவித்து அழைத்தது. திரும்பும் வழி எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுக்குப் போகும் முடிவின் ஆபத்து குறைகிறது. எனவே, பயணச் செலவுக்காக வீட்டையோ நிலத்தையோ சரிவுக் காலத்தின் அடிமட்ட விலைக்கு விற்பதைக் கடைசி வழியாக வையுங்கள். தொழில் உரிமத்தைப் புதுப்பித்து வாருங்கள். அரசுப் பணியில் இருப்பவர்கள் ஊதியமில்லா நீண்ட விடுப்புக்கு வழி உண்டா என்று பார்க்கலாம். ஓய்வூதியப் பங்களிப்பு இடையில் நின்றால் என்ன இழப்பு, இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தமும் உண்டா என்பவையும் கேட்டறிய வேண்டியவை.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு, ஒரு தாளில் இரண்டு குறிப்புகளை எழுதித் தேதியிட்டு வைப்பது உதவும் என்பது என் அனுபவம். இருக்க முடிவெடுத்தவர், என்னென்ன நடந்தால் கிளம்புவேன் என்று எழுதலாம்: இத்தனை மாதச் செலவுக்கான சேமிப்புக்குக் கீழே போனால், இந்தத் தேதிக்குள் நிறுவனம் நிலுவைச் சம்பளத்தைத் தராவிட்டால் என்பவை போல. போக முடிவெடுத்தவர், அங்கே இரண்டாம் ஆண்டின் இறுதியில் தன் தொழிலில் இல்லாவிட்டால், அல்லது கடன் பாதியாவது தீராவிட்டால், மறுபடி உட்கார்ந்து யோசிப்பேன் என்று எழுதலாம். அமைதியான மனநிலையில் எழுதிய அந்த வரிகளை, பதற்றமான ஒரு நாளில், வீட்டாரோடு சேர்ந்து எடுத்துப் படிக்க முடியும்.